டைனமோவில் பதிந்த சண்முகப்பிரியா

சிவமயம்

மானிப்பாய்,
02.03.2024

அன்பின் தங்கச்சி ஞானாம்பிகைக்கு,

இங்கே நானும் உன் மச்சாள் செல்வநாயகியும் மருதடிப் பிள்ளையார் புண்ணியத்தில் நடமாடித் திரிகிறோம். எனக்குப் பிரஷர் குளிசை ஒன்று கூடியிருக்கிறது, வேறு புதினமில்லை. உனக்குக் கால் வீக்கம் எப்படி? பேர்கனில் பனி குறைந்துவிட்டதா? உனக்குச் செவி அடைத்த பிறகு உன்னோடு தொலைபேசியில் கதைக்க வழியில்லை. உன் மகன் பிரவீணனுடைய போனுக்கு இரண்டு வரி அனுப்பினால் எதையோ விட்டுவிட்டதுபோல் இருக்கிறது. ஆகையால் வழமைபோலக் கடிதம்.

ஒரு விசயம் உனக்குத் தெரிய வேண்டும். வித்தியா என்றொரு பிள்ளை, யாழ்ப்பாணத்தில் ஆவணப்படம் எடுக்கிறவள். யுத்த காலத்தில் இங்கேயே இருந்து வரைந்தவர்கள், நடித்தவர்கள், வாசித்தவர்கள் பற்றி ஒரு படம் செய்திருக்கிறாள். போன வருடம் என்னிடம் வந்து உன்னைப்பற்றி விசாரித்தாள். உன் கசெற்றைக் கேட்டாள். கொடுத்தேன்.

எந்தக் கசெற் என்று நீ கேட்கமாட்டாய், இருப்பது அது ஒன்றுதானே. 1994 ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற உனக்குப் பாஸ் கிடைத்த கிழமை, பின்னேரம் நாலரை மணிக்கு நீ வயலினில் சண்முகப்பிரியா ராகம் வாசித்தாய். கரண்ட் இல்லை, பற்றரி கொண்டுவரத் தடை. விறாந்தையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றினேன். டைனமோவிலிருந்து வயர் யன்னலால் உள்ளே போய் றெக்கோடருக்குக் கரண்ட் கொடுத்தது.

ஏப்ரல் 20ஆம் திகதி சனிக்கிழமை படத்தை முதன்முதலாகக் காட்டுகிறார்கள். எனக்கும் அழைப்பு. போகலாமா என்று யோசிக்கிறேன். இதைப்பற்றி உன்னிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பிழை என்றால் மன்னித்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
இளையதம்பி


பேர்கன்,
25.03.2024

என்ரை அன்பான அண்ணைக்கு,

உங்கடை கடிதம் கிடைச்சுது. கால் வீக்கம் வத்தியிட்டுது. பனி போய் இப்ப மழை, இந்த ஊரிலை மழைதான் நிரந்தரக் குடியிருப்பாளர். மச்சாளின்ரை முழங்கால் நோவுக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறன்.

போகலாமோ எண்டு யோசிக்கிறியளோ? போய் முன்வரிசையிலை இருங்கோ. இஞ்சை வந்து மீன் வெட்டின விரல் பிறகு வில்லுக்கு வளையேல்லை. பிள்ளையளுக்கு வாயாலை பாடித்தான் வயலின் படிப்பிச்சனான். இப்ப செவியும் இல்லை. நான் வாசிச்சனான் எண்டதுக்கு உலகத்திலை இருக்கிற ஒரேயொரு சாட்சி அந்தக் கசெற். அதை நானே ஒருநாளும் கேக்கேல்லை. 2004இலை வந்து நிக்கேக்கை கேட்டன், றெக்கோடர் பழுது எண்டு சொன்னியள்.

அதாலை நீங்கள்தான் எனக்குக் காது. வடிவாய்க் கேட்டு எழுதுங்கோ. நாலு கட்டையிலை சுருதி சேத்தனான், அது நிண்டதோ? ராகம் முடிச்சு வாசிச்ச தானம் எப்பிடி இருந்தது? புகழ வேண்டாம். உள்ளதை எழுதுங்கோ.

அன்புத் தங்கச்சி
ஞானம்


மானிப்பாய்,
22.04.2024

அன்பின் தங்கச்சிக்கு,

எண்ணெய் வந்து சேர்ந்தது, உன் மச்சாள் அதைப் பூசிக்கொண்டு கோயிலுக்கு நடந்தே போய் வந்தாள். உன் சுகத்துக்கும் சேர்த்து அர்ச்சனை செய்தாளாம்.

படம் பார்த்தேன். மண்டபம் நிறைந்து சனம் சுவரோரம் நின்றது. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் எனக்கு இவர்களைத் தெரியாமல் போனதே என்று வெட்கமாக இருந்தது.

செபநாயகம் என்று ஓர் ஓவியர், வயது எண்பது. தடைக் காலத்தில் சாயம் இல்லை, கடதாசி இல்லை. அடுப்புக்கரி, மஞ்சள், செவ்வரத்தம்பூச் சாறு, இவற்றைக்கொண்டு பழைய கலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் வரைந்திருக்கிறார். ஒன்பது தரம் இடம்பெயர்ந்தவர். தங்கிய வீடு ஒவ்வொன்றிலும் ஒரு படம் வரைந்து அந்த வீட்டுக்கே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். கையில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. "கொண்டு ஓடேலாது, அதாலை குடுத்தனான்" என்கிறார். வித்தியா அந்த வீடுகளைத் தேடிப் போயிருக்கிறாள். சாவகச்சேரியில் ஒரு வீட்டில் சாமிப் படங்களோடு வைத்துப் பூப் போடுகிறார்கள். அது என்ன படம் தெரியுமா? அந்த வீட்டு மாடு.

இராசாத்தி என்பவர் வடகரைப் பக்கத்து நடிகை. அகதி முகாமில் வள்ளப் பலகைகளை அடுக்கி மேடையாக்கி ராசா வேசம் கட்டியவர். "ஷெல் விழேக்கை பயம் இல்லையோ?" என்று வித்தியா கேட்கிறாள். "பயம்தான் பிள்ளை. ஆனா வசனம் மறந்துபோமோ எண்ட பயம் அதைவிடப் பெரிசு" என்று அந்த மனிசி சொன்னபோது மண்டபமே சிரித்தது. எனக்குச் சிரிக்க முடியவில்லை. அப்படி ஒரு பயம் எனக்கு வாய்க்கவில்லையே என்று இருந்தது.

உன்னுடைய பகுதி கடைசியில் வருகிறது. நீ பாவாடை தாவணியோடு இருக்கும் படத்தைக் காட்டி வாசிப்பைப் போட்டார்கள். முடிந்ததும் சனம் எழும்பி நின்று கைதட்டியது. மிருதங்கம் பஞ்சலிங்கம் எனக்குப் பக்கத்தில் இருந்தார், உன்னைச் சுகம் கேட்டு எழுதச் சொன்னார்.

கண் வலிக்கிறது, இத்துடன் நிறுத்துகிறேன்.

அன்புள்ள
அண்ணன்


பேர்கன்,
10.05.2024

அன்பான அண்ணைக்கு,

உங்கடை கண் இப்ப எப்பிடி? டொக்டரிட்டைக் காட்டினியளோ? நான் சுகமாய் இருக்கிறன்.

செபநாயகத்தாருக்கு ஒரு பந்தி, இராசாத்தி அக்காவுக்கு ஒரு பந்தி. எனக்கு நாலு வரி, அதிலை ஒரு வரி பஞ்சலிங்கம் அண்ணைக்கு. வாசிச்சு முடிச்சுப்போட்டுக் கடிதத்தைத் திருப்பியும் பாத்தன், பின்பக்கத்திலை ஏதும் இருக்கோ எண்டு.

நான் இரண்டு கேள்விதான் கேட்டனான். சுருதி நிண்டதோ? தானம் எப்பிடி?

மாட்டுக்குப் பூப் போடுற வீட்டை நினைச்சு இரண்டு நாள் சந்தோசமாய் இருந்தன். அதுக்கு நன்றி.

ஞானம்


மானிப்பாய்,
02.06.2024

அன்பின் தங்கச்சிக்கு,

கண்ணுக்குத் துளி மருந்து தந்திருக்கிறார்கள். சோளகம் பேய்த்தனமாக வீசுகிறது. வாழை இரண்டு முறிந்துவிட்டது. நீ உடம்பைக் கவனமாகப் பார்த்துக்கொள், மழையில் நனையாதே.

சுருதி பற்றிக் கேட்டிருந்தாய். மண்டபத்து ஒலிபெருக்கி அவ்வளவு தரமானதல்ல. மேலும் நான் விஞ்ஞானம் படிப்பித்தவனே தவிரச் சங்கீதம் கற்றவனல்ல. அறுதியிட்டுச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எல்லோருக்கும் பிடித்திருந்தது என்பது மட்டும் உண்மை.

செல்வநாயகி உன்னை விசாரித்தாள்.

அண்ணன்


பேர்கன்,
24.06.2024

அண்ணைக்கு,

எல்லாரும் சுகம்.

நீங்கள் சங்கீதம் படிக்கேல்லைத்தான். ஆனா ஏழு வயசிலை நான் அபசுருதி வாசிச்சால் அடுத்த அறையிலை பேனையை வைச்சிட்டு இருமுறனீங்கள். அந்த இருமலுக்குப் பயந்துதான் நான் சுருதி பழகினது. இப்ப "எனக்குத் தகுதி இல்லை" எண்டு எழுதுறியள்.

ஒண்டு கேளுங்கோ. நவம்பரிலை வித்தியாவின்ரை படம் இஞ்சை வருகுது. பேர்கன் மண்டபத்திலை காட்டப்போகினம், என்னை முன்வரிசையிலை இருத்தப்போகினமாம். நான் படிப்பிச்ச பிள்ளையள் இருபத்திமூண்டு பேரும் வருவினம், வேறை ஊருகளிலை இருந்தும் வருவினம். நல்ல காது உள்ளதுகள், நான்தான் பழக்கினது. அந்தக் கசெற்றிலை ஏதாவது பிழை இருந்தால் எல்லாருக்கும் கேக்கும், எனக்கு மட்டும் கேக்காது. ஒண்டும் தெரியாமல் நான் சிரிச்சுக்கொண்டு இருக்கவேணுமோ?

எதெண்டாலும் தாங்குவன். எழுதுங்கோ.

ஞானம்


மானிப்பாய்,
19.07.2024

அன்பின் தங்கச்சிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம்.

இந்தக் கடிதத்தை நான்கு தரம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன்.

உன் வாசிப்பில் பிழை இல்லை. பிழை என்னுடையது.

டைனமோவை நிமிடத்துக்கு அறுபது சுற்று என்று வாய்க்குள் எண்ணிச் சுற்றிக்கொண்டிருந்தேன். ராகம் முடிந்து நீ தானம் தொடங்கிச் சிறிது நேரத்தில் பொம்மர் வந்தது. இரண்டு தரம் வட்டமடித்தது. குண்டு அன்றைக்கு எங்கள் பக்கம் விழவில்லை, உனக்கு நினைவிருக்கும். ஆனால் விழப்போகிறது என்றே நினைத்தேன். என் கை தளர்ந்துவிட்டது. எண்ணுவதையும் விட்டுவிட்டேன். பொம்மர் போன பிறகுதான் பழைய வேகம் வந்தது.

கை தளர்ந்தால் கரண்ட் குறையும். கரண்ட் குறைந்தால் றெக்கோடருக்குள் நாடா மெதுவாக ஓடும். மெதுவாகப் பதிந்ததைப் பிறகு சரியான கரண்டில் போட்டால் வேகமாகக் கேட்கும், சுருதியும் ஏறும். பொம்மர் நின்ற நேரம் முழுவதும் உன் வயலின் நாலு கட்டையிலிருந்து ஐந்து கட்டைக்கு ஏறிப்போய்ப் பிறகு இறங்குகிறது. நீ பதற்றத்தில் ஓடினதுபோல இருக்கிறது.

இது எனக்குப் படம் பார்த்துத் தெரிந்ததல்ல. இடம்பெயர்ந்து சாவகச்சேரிக்கு நடந்தபோது அந்தக் கசெற்றைச் சட்டைப் பையில் கொண்டுபோனேன். திரும்பி வந்து, 1998இல் கரண்ட் வந்த அன்றே போட்டுக் கேட்டேன். அன்றே தெரியும். 2004இல் றெக்கோடர் பழுதாக இருக்கவில்லை. நீ வருவதற்கு முதல்நாள் அதைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்தேன்.

வித்தியாவிடம் கொடுத்தபோதும் சொல்லவில்லை. கேட்டுவிட்டு இந்த இடத்தைப் பாவிக்கமாட்டாள் என்று நினைத்தேன். அவளோ அந்த இடத்தையே எடுத்திருக்கிறாள். படத்தில் ஒரு குரல் சொல்கிறது: "குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டதும் இவர் கண்களை மூடி வேகத்தைக் கூட்டினார். அதுதான் இவருடைய மறுமொழி." அந்த இடத்தில்தான் சனம் எழும்பிக் கைதட்டியது.

பஞ்சலிங்கம் மட்டும் தட்டவில்லை. என் பக்கம் சரிந்து, "என்ன மாஸ்டர், தங்கச்சி தானத்துக்குள்ளை கட்டையை மாத்தினவவோ?" என்றார். நான் தெரியாது என்றேன்.

கையை விட்டுவிட்டு ஓடத்தான் நினைத்தேன். ஏன் ஓடவில்லை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

என்னை மன்னித்துக்கொள்.

இளையதம்பி


பேர்கன்,
05.09.2024

அண்ணைக்கு,

உங்களுக்கும் மச்சாளுக்கும் சுகம் எப்பிடி?

ஆறு கிழமை எழுதேல்லை. கோவம்தான். பொம்மருக்குப் பயந்ததுக்கில்லை, அதுக்கு ஆர்தான் பயப்பிடேல்லை. கசெற்றை அலுமாரிக்கு மேலை வைச்சதுக்கு. அப்ப எனக்குக் காது இருந்தது அண்ணை. ஏறினாலும் இறங்கினாலும் என்ரை வாசிப்பை நான் ஒருக்காக் கேட்டிருப்பன். சிரிச்சிருப்பன். நீங்கள் உங்கடை வெக்கத்தைக் காப்பாத்த எனக்கு அதை இல்லாமல் பண்ணிப்போட்டியள்.

இதை எழுதிப்போட்டு இரண்டு நாள் மேசையிலை வைச்சிருந்தன். கிழிக்கேல்லை. நீங்களும் வாசிக்கவேணும்.

இனிச் செய்யவேண்டியது ஒண்டுதான். வித்தியாவிட்டைப் போய்ச் சொல்லுங்கோ. நவம்பருக்கு முதல். நான் கட்டை மாறி வாசிச்சனான் எண்டு நினைச்சுச் சனம் கைதட்டக் கூடாது.

ஞானம்


மானிப்பாய்,
06.10.2024

அன்பின் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். நீ எழுதியது முழுக்கச் சரி. நீ சொன்னதைச் செய்தேன். உன் உடம்பு எப்படி என்று இந்தத் தடவை நீ எழுதவில்லை, அடுத்ததில் எழுது.

இரண்டு தரம் பஸ் ஏறி வித்தியாவின் இடத்துக்குப் போனேன். இரண்டு தரமும் தேத்தண்ணி குடித்து, நாட்டு நடப்புக் கதைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். செல்வநாயகி சொன்னாள், "அடுத்தமுறை போகேக்கை ஒரு பைக்கற் தேயிலையும் கொண்டுபோங்கோ, அந்தப் பிள்ளைக்கு நட்டம். வாய் வரேல்லையெண்டால் எழுதிக் குடுக்கிறதுதானே, உங்களுக்கு வேறை என்ன தெரியும்?" அது நல்ல யோசனையாகப் பட்டது. உனக்கு எழுதியதையே சுருக்கி எழுதி, மூன்றாம் தரம் போனபோது மேசையில் வைத்தேன்.

வாசித்து முடித்துத் தாளை மடித்து வைத்தாள். பிறகு, "மாஸ்டர், என்ரை படத்தின்ரை முள்ளந்தண்டை உருவிப்போட்டியள்" என்றாள். எழும்பிப் போக நினைத்தேன். "இருங்கோ, எங்கை போறியள்? எவ்வளவு குறைஞ்சது?" என்று கேட்டாள். ஒரு கட்டை ஏறியிருப்பதால் அறுபது சுற்று ஐம்பத்துமூன்று, ஐம்பத்துநான்காகக் குறைந்திருக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சொன்னேன். கணினியில் அந்தப் பகுதியை மட்டும் அந்த அளவுக்கு மெதுவாக்கினாள். பஞ்சலிங்கத்தையும் கூப்பிட்டோம், அவர் சுருதிப்பெட்டியோடு வந்து இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி, நாலு கட்டையில் வந்து நின்றதும் அவர் கையைக் காட்டினார்.

ஞானம், இனி நான் எழுதுவதைப் புகழ்ச்சி என்று நினைக்காதே. நீ கேட்ட இரண்டு கேள்விக்கும் மறுமொழி இது.

சுருதி நின்றது. இம்மியும் அசையவில்லை. படத்தில் இரண்டு நிமிடமாக இருந்தது உண்மையில் இரண்டேகால் நிமிடம். பொம்மரின் இரைச்சல் இப்போது இன்னும் கனமாக, இன்னும் கிட்டத்தில் கேட்கிறது. தானம் அதற்குள்ளால் போகிறது. பொம்மர் வரும்முன் எந்த நடையோ, தலைக்கு மேல் நிற்கும்போதும் அதே நடை, போன பிறகும் அதே நடை. நீ வேகத்தைக் கூட்டவில்லை. குறைக்கவில்லை. ஒரு இடத்தில் நிஷாதத்தில் நின்று, அவசரமில்லாமல், இறங்குவதற்கு வழி பார்க்கிறாய். வீட்டில் ஆளில்லாத மத்தியானத்தில் தனக்காக வாசிக்கிறவர்கள்தான் அப்படி நிற்பார்கள்.

பஞ்சலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இதைத்தான் நாங்கள் கெடுத்து வைச்சிருந்தனாங்களோ?" என்றார். வித்தியா அந்தக் குரலை எடுத்துவிட்டாள். "மறுமொழி எண்டு நான் எழுதினது பிழை. இவ அந்தப் பொம்மரோடை கதைக்கவே இல்லை" என்றாள்.

ஆனால் ஒன்று. வேகம் சரியானதும் இன்னொன்றும் கேட்கிறது. பின்னால் சைக்கிள் சங்கிலியின் சத்தம். அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்து, இரைச்சல் வந்ததும் தளர்கிறது. என் பயம் அப்படியே பதிந்திருக்கிறது. அதை அழிக்க முடியுமா என்று கேட்டேன். முடியும், ஆனால் அழிக்கமாட்டேன் என்றாள். என்னைக் கமெராவுக்கு முன் இருத்தி நடந்ததைச் சொல்லவும் வைத்துவிட்டாள். நாலு நிமிடம் தடுமாறினேன், ஒரு நிமிடத்தை எடுத்திருக்கிறாளாம். அதுதான் பேர்கனுக்கு வருகிறது. நான் படிப்பித்த பிள்ளைகள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் என் பயம் கேட்கப்போகிறது என்று நினைக்க நித்திரை வருகுதில்லை. இருந்தாலும் அதற்குப் பக்கத்தில் நீ அசையாமல் நிற்பதும் கேட்கும். அதனால் சம்மதித்தேன்.

பிழையாக ஏதும் செய்துவிட்டேனா என்று எழுது.

அன்புள்ள
அண்ணன்


பேர்கன்,
17.11.2024

என்ரை அன்பான அண்ணைக்கு,

நான் நல்ல சுகம். உங்களுக்கு நித்திரை வந்ததோ? மச்சாளுக்கு என்ரை அன்பு, தேயிலைக் கதையை வாசிச்சுப் பிரவீணனும் நானும் வயிறு நோகச் சிரிச்சம்.

நேற்றுப் படம். எங்களை முன்வரிசையிலை இருத்தினவை. செபநாயகத்தாரின்ரை மாட்டைக் கண்டன். என்ன கண் அந்த மாட்டுக்கு. இராசாத்தி அக்கா சொன்னதுக்கு இஞ்சையும் சிரிச்சவை.

என்ரை பகுதி வரேக்கை நான் திரையைப் பாக்கேல்லை. கதிரையைத் திருப்பிப்போட்டு என்ரை பிள்ளையளைப் பாத்தன். எனக்குக் கேக்காது, அவையின்ரை முகத்திலை கேக்கும். பொம்மர் வந்தது தெரிஞ்சுது, எல்லாரும் தோளை ஒடுக்கினவை. இரண்டாம் வரிசையிலை கஜானி இருந்தவள். தானத்துக்குத் தாளம் போடாதை எண்டு ஆயிரம் தரம் சொல்லியும் கேளாத கழுதை, மடியிலை விரலாலை தட்டிக்கொண்டிருந்தாள். அந்த விரலை நான் விடாமல் பாத்தன். தோள் ஒடுங்கினது, விரல் மாறேல்லை. ஒரே நடை. அப்பதான் அண்ணை, நான் வாசிச்சதை நான் கேட்டன். அலுமாரிக் கோவம் அந்த விரலோடை போயிட்டுது.

பிறகு உங்கடை முகம் வந்தது. கீழை எழுத்துப் போட்டவை, வாசிச்சன். "எனக்குப் பயமாக இருந்தது. என் கை தளர்ந்தது. அவள் தளரவில்லை." சேட்டின்ரை மேல்பொத்தானைப் பூட்டிக்கொண்டு, சோதனை மண்டபத்திலை நிக்கிறமாதிரி. ஒருத்தரும் சிரிக்கேல்லை.

ஏன் ஓடேல்லை எண்டு தெரியாது எண்டு எழுதினியள். எனக்கும் தெரியாது. ஆனா நான் ஏன் ஓடேல்லை எண்டு தெரியும். முப்பது வரியமாய் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

படத்திலை முதல் சொன்னமாதிரி நான் கண்ணை மூடேல்லை. கதவாலை விறாந்தையைப் பாத்துக்கொண்டுதான் வாசிச்சனான். உங்கடை முதுகும் சில்லும் தெரிஞ்சுது. எங்கடை வீட்டிலை பங்கருக்குள்ளை முதல் இறங்கிற ஆள் நீங்கள். காணி உறுதி, தண்ணிப்போத்தில், நெருப்புப்பெட்டி எல்லாம் ஒரு பையிலை, சத்தம் கேக்க முதலே பையோடை உள்ளுக்கை இருப்பியள். அண்டைக்கும் அப்பிடித்தான் நினைச்சன். அண்ணை எழும்பினவுடனை நானும் வில்லை வைச்சிட்டு ஓடுறது எண்டு காலை மடிச்சு ஆயத்தமாய் இருந்தனான்.

நீங்கள் எழும்பேல்லை. முதுகு நடுங்கினது, சில்லு மெல்லப் போச்சுது, ஆனா நிக்கேல்லை. சரி, இன்னும் ஓடுற நேரம் வரேல்லையாக்கும் எண்டு நினைச்சன். அடுத்த பிடியை வாசிச்சன். பிறகும் நீங்கள் எழும்பேல்லை. பிறகும் வாசிச்சன். பொம்மர் போகுமட்டும் நான் அதைத்தான் செய்தனான்.

நீங்கள் இதையும் கொண்டுபோய் வித்தியாவின்ரை மேசையிலை எழுதி வைப்பியள், எனக்குத் தெரியும். வைக்காதேங்கோ. நேற்று இருபத்திமூண்டு பேரும் வரிசையிலை நிண்டு என்ரை கையைப் பிடிச்சவை. கொஞ்ச நாளைக்கு நான் துணிச்சல்காரியாய் இருந்திட்டுப் போறன்.

உங்கடை தங்கச்சி
ஞானம்